தோற்க மறுத்த கை

பில்லியர்ட்ஸ் மேசையில் ரெனாந்தே அடித்த அடுத்த பந்தும் குழிக்குள் விழுந்தது. அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"டேய், குழந்தை ஏசுவே வந்து உன் கோலைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கிறாராடா?" என்று கத்தினான், சுவரோரம் உட்கார்ந்திருந்த ட்ரைசிக்கிள் ஓட்டுநர்களில் ஒருவன். மற்றவர்கள் பன்றித்தோல் வறுவலைக் கொறித்தபடி சிரித்தார்கள்.

அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள். காலையில் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மரிவிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எங்கப்பாவோட பில்லியர்ட்ஸ் ஆடு. ஆடித் தோத்துடு. அவருக்குத் தோக்கறதுன்னாலே வேப்பங்காய். ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கும்போதே என்னைக் கட்டிக்கக் கேட்டுடு. அடுத்த மாசம் நீ கப்பலேறிட்டா எப்போ திரும்பி வருவியோ, அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டே கிடக்க முடியாது."

தோற்பதுதானே, அதற்கென்ன பிரமாதம் என்றுதான் வந்தான். மரிவிக்கின் அப்பா இஸ்கோவை, பெரியவர்களுக்குப் போடும் 'மாங்' சேர்த்து மாங் இஸ்கோ என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும். பதங்காஸ் துறைமுகத்துப் பக்கம் பில்லியர்ட்ஸ் மேசையில் அவரை ஜெயித்தவன் என்று ஒருத்தன் கிடையாது. ரெனாந்தே ஒழுங்காக ஆடினாலே தோற்றுப்போவான்.

ஆனால் இன்றைக்கு என்ன பிடித்ததோ, கை தோற்க மறுத்தது. மின்விசிறியின் கடகட சத்தம், பின்கட்டில் கூவிய சேவல், வேடிக்கை பார்ப்பவர்களின் கூச்சல், எதுவும் காதில் விழவில்லை. குழிகளெல்லாம் பானை வாயாட்டம் அகலமாகத் தெரிந்தன. அவன் முறை வரும்போது பந்துகள் தாமாகவே குழி வாசலில் வந்து காத்திருந்தன. ஏனோதானோ என்று தட்டிவிட்டாலும் விழுந்து தொலைந்தன. இத்தனை வருஷமாக ஆடுகிறான், இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. போயும் போயும் இன்றைக்கா வர வேண்டும்?

ஆளுக்குச் சரிசமமாக ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பந்துகளை எண் வரிசையில் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒன்பதாம் பந்தை யார் போடுகிறாரோ அவருக்கே ஆட்டம். இப்போது மேசையில் மிச்சமிருந்தது அந்த ஒன்பதும் வெள்ளைப் பந்தும்தான். முறை கிழவருடையது.

ரெனாந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டான். போட்டுவிடுங்கள் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

மாங் இஸ்கோ மேசை மேல் கவிழ்ந்து படுத்தார். ஒரு கண்ணை மூடினார். கோலை முன்னும் பின்னும் இழுத்து நெடுநேரம் குறி பார்த்து அடித்தார். ஒன்பதாம் பந்து உருண்டு போய், மூலைக் குழியின் உதட்டில் தயங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"வயசாயிடுச்சு மாங் இஸ்கோ! வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுங்க!"

"வாயை மூடுங்கடா!" என்று உறுமிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியில் விழுந்தார் கிழவர். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

ரெனாந்தே கோலை எடுத்தான். இன்னமும் குடி முழுகிவிடவில்லை. கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், வெள்ளைப் பந்தும் கூடவே போய்க் குழியில் விழும். வெள்ளை விழுந்தால் தப்பாட்டம்; ஆட்டம் கிழவருக்கு, மரிவிக் இவனுக்கு. கப்பலில் துரு சுரண்டுகிற பயலுக்கு வேறென்ன வேண்டும்?

குனிந்தான். மறுபடியும் அந்த அமைதி வந்து சூழ்ந்துகொண்டது. ஆகா, எப்பேர்ப்பட்ட சுகம்! இனி இப்படி ஒரு நாள் வருமா? மரிவிக்கின் முகம் மனசில் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினான். ஒன்பது விழுந்தது. வெள்ளைப் பந்து ஆணி அடித்தாற்போல் நின்றது.

கூடமே எழுந்து குதித்தது. அப்போதுதான் ரெனாந்தேவுக்குச் சுயநினைவு வந்தது. அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! இந்தப் பாழாய்ப்போன பந்துக்காக அவளைத் தொலைத்துவிட்டேனே!

மாங் இஸ்கோ எழுந்தார். கையில் கோலோடு நேராக இவனை நோக்கி வந்தார். அது தன் மண்டையில்தான் இறங்கப்போகிறது என்று ரெனாந்தே முடிவே கட்டிவிட்டான்.

"மாங் இஸ்கோ... மன்னிச்சுக்கங்க. இன்னிக்கு என்னமோ... என் கை என் பேச்சையே கேக்கலை."

கிழவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்கப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்க வா."

ரெனாந்தே வாயைப் பிளந்தான். "நிஜமாவா? நான் உங்களை ஜெயிச்சிட்டேனே!"

"அதனாலதான் சொல்றேன். இதுக்கு முன்னாடி ரெண்டு பயலுக வந்தானுங்க. என்கிட்ட தோத்த வெக்கத்துல, பொண்ணு கேக்காமலே ஓடிட்டானுங்க. இந்தத் தடவையும் ஜெயிச்சிட்டு வந்தா சோறு கிடையாதுன்னு எம் பொண்டாட்டி காலையிலேயே சொல்லிட்டா."

ரெனாந்தேவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சின்ன ரோஷமும் வந்தது.

"அது சரி மாங் இஸ்கோ, ஆனா நான் இன்னிக்குப் பிரமாதமா ஆடினேன், இல்லையா?"

கிழவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு பந்தையும் உனக்காகக் குழி வாசல்ல கொண்டு போய் நிறுத்தறதுக்குள்ள என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு, மாப்ளே!"