வெறும் தண்ணீர்

கால்நடைக் கல்லூரிக் கொட்டிலில் எட்டு ஆடுகள் இருந்தன. பூங்கோதை தன் மேல்படிப்பு ஆய்வுக்காகச் செவலை முதலான நான்குக்குப் புதிய குடற்புழு மருந்து கொடுத்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, கருப்பி முதலான நான்குக்கு வெறும் தண்ணீர். தினமும் காலையில் புழுக்கைகளை டப்பாக்களில் எடுத்துப்போய் புழு முட்டைகளை எண்ணுவாள்.

“நாம வேண்டாம்னு போட்டதை என்னமாய்ப் பொத்தி எடுத்துப்போறா பாரு! இதுக்கு ஒரு பட்டமாம்,” என்றது செவலை.

“சிரிக்க வைக்காதேடி. நிற்கவே முடியலை,” என்றது கருப்பி.

“ஆய்வு முடிய இன்னும் பத்து நாள்தான். பல்லைக் கடிச்சுக்கோ. நடுவிலே உனக்கு மருந்து கொடுத்தா அவ ஆறு மாச வேலை வீண். முதல்லேர்ந்து தொடங்கணும். கொடுப்பாளா என்ன?”

அன்று பூங்கோதை கருப்பியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். புழுக்கள் ரத்தத்தை உறிஞ்சியதில் உள்ளே காகிதம்போல வெளுத்திருந்தது. நோட்டைத் திறந்து கருப்பியின் வரிசையை நீளமாகக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு மருந்தை எடுத்து வந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லப் புகட்டினாள்.

அவள் போன பிறகு செவலை கருப்பியின் பக்கம் வந்து நின்றது.

“மறுபடி முதல்லேர்ந்து தொடங்குறப்போ அந்தத் தண்ணியை எனக்குக் கொடுக்கட்டும்,” என்றது.