காலி ஆட்டோ

“ஆட்டோ!”

பனியனில் 1147 என்று நம்பர் குத்தியிருந்த திருமுருகன் கையை நீட்டினான். காலி ஆட்டோதான். மெதுவானது. டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார்.

“வராது சார்.”

போயே போய்விட்டார்.

இருபத்தோரு கிலோமீட்டர் அரை மாரத்தானில் இது பதினாலாவது. ஆவடியில் கிளம்பி, பாரிவாக்கம் தாண்டித் திரும்பி, மறுபடி ஆவடிக்கே வர வேண்டும். மூன்றரை மணி நேரத்துக்குள் வந்தால் மெடல். திருமுருகனின் வலது தொடை பத்தாவது கிலோமீட்டரிலேயே ராஜினாமா செய்துவிட்டது.

பயிற்சியா? இரண்டு மாதமாக விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியது என்னவோ உண்மை. சேக்காடு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை வரை போவான். இரண்டு வடை, ஒரு டீ, ஒரு மணி நேரம் செல்போன். பிறகு முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் நுழைவான்.

“இன்னிக்கு எட்டு கிலோமீட்டர், அகல்யா!”

மனைவி அகல்யா துண்டை நீட்டுவாள்.

பேசாமல் ஓடாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சௌம்யா, கோ-கோ டீமிலிருந்து பாதியில் நின்றுவிட்டாள். “ஆரம்பிச்சா முடிக்கணும்டா கண்ணு” என்று இவன் அறிவுரையை ஆரம்பித்தான். அவள் திருப்பிக் கேட்டாள்.

“நீ எதையாவது முடிச்சிருக்கியாப்பா? கீபோர்டு கிளாஸ்? ஜிம்? ஹிந்தி?”

சுருக்கென்றது.

“இந்த மாரத்தானை முடிச்சுக் காட்டறேன். முடிச்சா நீ திரும்ப கோ-கோவுக்குப் போகணும். சரியா?”

“டீல்!”

இப்போது அம்மாவோடு எல்லைக்கோட்டில் காத்துக்கொண்டு நிற்கிறாள். முடிக்காமல் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ஆட்டோ.

திரும்புகிற இடத்தில் தரையில் விரித்திருந்த பாயை மிதித்தாயிற்று. ஷூவில் கட்டிய சிப் கணக்கில் ஏறிவிட்டது. இனி எல்லைக்கோட்டில் மிதித்தால் போதும். ஆவடிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி அரைக் கிலோமீட்டர் ஓடினால் மெடல். நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது ஆட்டோ வந்தது.

“கேக்கறதத் தரேன்ப்பா.”

“வேணாம் சார். ஓடு, ஓடு.”

மூன்றாவது, ஷேர் ஆட்டோ. உள்ளே ஒரே ஒரு ஆள். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“தண்ணி வேணா குடி சார். ஏத்த மாட்டேன்.”

இது போதாதென்று, பின்னாலேயே ஒரு ஆட்டோ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதுவும் காலி. இவன் நின்றால் நின்றது, நடந்தால் நகர்ந்தது. திருமுருகன் திரும்பிப் போய்க் கேட்டான்.

“ஏம்ப்பா, சும்மாதானே வரே? என்னை ஏத்திக்கிட்டா என்ன?”

தாடிக்கார டிரைவர் சிரித்தார். “மீட்டர் ரிப்பேர் சார்.”

“மீட்டரை யாருய்யா கேட்டா!”

“நல்லாத்தான ஓடிக்கினு கீற? போ சார், போ.”

திருமுருகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவனெல்லாம்? கஷ்டப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறான்! எவனும் வேண்டாம், போங்கடா. அந்தக் கோபத்திலேயே ஒரு கிலோமீட்டர் ஓடினான்.

பருத்திப்பட்டில் வயிற்றைப் பிடித்தது. நடந்தான். மறுபடி ஓடினான். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் குட்மார்னிங் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். பதினெட்டாவது கிலோமீட்டரில் அழுகை வந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதான். அழுதுகொண்டே ஓடினான்.

இருபதாவது கிலோமீட்டரில் ஒரு காலி ஆட்டோ அவனை ஒட்டிக் கடந்து போனது.

திருமுருகன் கையை நீட்டவில்லை.

மூன்று மணி இருபத்தாறு நிமிஷம்!

“அப்பா! அப்பா!” சௌம்யா கத்திய கத்தலில் மைக் செட் சத்தமே கேட்கவில்லை. கழுத்தில் மெடல் விழுந்ததும் திருமுருகன் பிளாட்பாரத்தில் அப்படியே மல்லாந்து படுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முழுசாக முடித்திருக்கிறான். உடம்பில் வலிக்காத இடமில்லை, சந்தோஷமும் தாங்கவில்லை.

“நாளைக்கே கோ-கோவுக்குப் போறேம்ப்பா.” சௌம்யா மெடலைத் தடவிப் பார்த்துவிட்டு, அவனுக்கு வாழைப்பழம் வாங்கிவர ஓடினாள்.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்,” என்று அகல்யா கையை அசைத்தாள். உடனே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

அதே தாடிக்காரர்!

“யோவ், நீயா? ஏழு கிலோமீட்டர் ஒருத்தன் செத்துச் செத்து ஓடறான், பின்னாலேயே வந்து வேடிக்கை பார்க்கறே! இரக்கமே கிடையாதா உனக்கு?”

“அவரைத் திட்டாதீங்க,” என்றாள் அகல்யா. “இவர் ரசாக் அண்ணன். நம்ம சேக்காடு ஸ்டாண்டுதான்.”

சேக்காடு ஸ்டாண்டு. பக்கத்தில் டீக்கடை. இரண்டு வடை. அப்படியென்றால் அகல்யாவுக்கு எல்லாமே...

ரசாக் இறங்கி வந்து, அவன் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினார்.

“கோச்சுக்காத சார். உன் போட்டோவும் நம்பரும் நேத்தே இந்த ரூட்ல ஓட்ற அல்லாருக்கும் வந்துட்ச்சு. அக்காதான் சொன்னாங்கோ... ‘அவரு கேட்டா ஏத்தாதீங்க, உழுந்தா மட்டும் ஏத்துங்க’ன்னு!”