மேலே ஒட்டிய ஸ்டிக்கர்

பூக்காரி சொர்ணத்தின் தள்ளுவண்டியில், ஸ்கேன் பண்ணிக் காசு போடும் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அவள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு திருடன் அதன் மேல் தன் காகித ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். அப்புறம் என்ன, பூ இவளுடையது, காசு அவனுக்கு.

"மூச்சு முட்டுது, எழுந்திருடா" என்றது அடியில் இருந்த பழைய ஸ்டிக்கர்.

"ஒட்டினாங்க, இருக்கேன்" என்றது மேலே இருந்த திருட்டு ஸ்டிக்கர்.

சாயங்காலம் மகள் போனைப் பார்த்தாள். "இன்னிக்கும் ஒண்ணும் ஏறலைம்மா."

"மெதுவா வரும்டி. ஜனங்க ஏமாத்த மாட்டாங்க" என்றாள் சொர்ணம். ஸ்டிக்கரைத் துடைத்து, குங்குமமும் வைத்தாள்.

திருட்டு ஸ்டிக்கருக்கு அது தாங்கவில்லை. மறுநாள் பசையை விட்டுவிட்டுக் கீழே விழுந்தது.

அவள் விட்டாளா? "விழுந்துட்டியா, பாவம்" என்று சோற்றுப் பருக்கையை நசுக்கி, பழையபடி ஒட்டிவிட்டாள். மகள் ஒட்டிய புதுசு என்று நினைப்பு.

"இவளைத் திருத்த முடியாது" என்று புலம்பியது அடியில் இருந்தது.

மேலே இருந்தது, அந்த வழியாக வந்த ஆட்டைக் கூப்பிட்டது. "சோறு மணக்குதா? வந்து தின்னு."

"தின்னா நீயும் சேர்ந்து போயிடுவியே?"

"தெரியும். அடியில இருக்கிறவனைக் கடிச்சிடாதே. அவன் இவளோட ஆள்."

ஆடு பதமாக உரித்துத் தின்றது. "சனியனே!" என்று சொர்ணம் விரட்டினாள்.

அன்று சாயங்காலம் காசு ஏறியிருந்தது.

"மெதுவா வரும்னு சொன்னேன்ல?" என்றாள் மகளிடம்.

வண்டியோரம் நின்ற ஆட்டின் மூக்கில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.