நாலு அங்குலம்

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத அந்த நாட்களில் உருத்திரபுரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வாடகைக் கார் சுஜிதனுடையது. அதைப் பழுதாக்கத் தான் துணைபோவதில்லை என்று கராஜ் வைத்திருந்த ஜனார்த்தனன் உறுதியாக நின்றான்.

“நாலு ரிம்மையும் உள்பக்கம் வெளியிலை வரத் திருப்பிப் பூட்டுங்கோ அண்ணை. பக்கத்துக்கு ரெண்டு அங்குலம் சில்லு வெளியிலை நிக்கவேணும்.”

“மண்ணெண்ணெயிலை இருமி இருமி ஓடுற காருக்கு ரேஸ் கார் சோடினையோ? ஆருக்கடா படம் காட்டப்போறாய்? அகல டயரும் வேணுமெண்பாய்.”

“வேண்டாம், இந்த ஒல்லி டயர்தான் வேணும்.”

“சில்லு வெளியிலை போனால் ஸ்டியரிங் திருப்பக் கையுளையும். பாரமெல்லாம் பேரிங்கிலை விழும். அது போனால் இப்ப எங்கை வாங்கிறது? ஒரு அவசரத்துக்குச் சனம் ஆஸ்பத்திரிக்கு எதிலை போறது?”

“எவ்வளவு காலம் தாங்கும்?”

“மெல்ல ஓடினால் ரெண்டு மாசம்.”

“அவ்வளவு காலம் காணும். பிறகு பழையபடி மாத்துவம்.”

“ரெண்டு மாசத்துக்குள்ளை உனக்கென்ன, கலியாண ஊர்வலமோ?”

கராஜுக்குப் பின்னாலிருந்த ஜனார்த்தனனின் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுச் சுஜிதன் குரலைத் தாழ்த்தினான்.

“ஆஸ்பத்திரி றோட்டு முழுக்க உழவு மெசின் சில்லு ஓடின பள்ளம். என்ர கார் அதைவிட நாலு அங்குலம் ஒடுக்கம். ஒரு சில்லு பள்ளத்துக்கை, மற்றது மேட்டிலை. போன கிழமை கிளினிக்குக்குப் போகேக்கை மேனுகா அண்ணி ஒரு பக்கம் சரிஞ்சபடி, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவா. உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவா. பிள்ளைப்பேறுக்கு இன்னும் ஒரு மாசம்தானே அண்ணை?”

ஜனார்த்தனன் குனிந்து, காரைத் தூக்கும் ஜக்கை அதற்கடியில் தள்ளினான்.

“நாலு அங்குலம் எண்டு வடிவாய் அளந்தனியோ?” என்று நிமிராமலே கேட்டான். “அளவு நாடா அந்த ஆணியிலை தொங்குது. இன்னொருக்கால் அளந்துகொண்டு வா.”