வளைகாப்புக்குக் கிடைத்த வழி

சென்னையில் இப்போதெல்லாம் கோடை முழுக்க யாரும் தெருவில் கால் வைப்பதில்லை. வைத்தால் வெயில் ஆளைச் சுருட்டிவிடும். அயனாவரத்தில் இருக்கும் மகள் தேன்மொழிக்கு ஏழாம் மாதம். போய் வளையல் போட முடியவில்லையே என்று புரசைவாக்கத்தில் கோதைநாயகி மனம் நொந்து கிடந்தாள்.

அன்று அவள் கணவர் ஏகாம்பரம் தண்ணீர்க் குழாய்க்காகக் கீழ்த்தளச் சுவரை இடித்தார். சுவர் பொத்துக்கொண்டு குளிர்காற்று முகத்தில் அடித்தது. உள்ளே படிக்கட்டு இறங்கியது. அடியில், ஊரே மறந்துபோன மெட்ரோ ரயிலின் சுரங்கம். தண்டவாளம் நேரே அயனாவரம் பக்கமாக ஓடியது.

"டார்ச்சை எடுங்க, கிளம்பலாம்."

"பாம்பு கீம்பு இருக்கப்போவுதுடி."

"இருந்தா அதுக்கும் ரெண்டு வளையல் போடறேன்."

கோதைநாயகி மருமகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவரும் தங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பழைய நிலையத்தை ஒட்டியிருந்த சுவரை உடைத்துவைத்தார். சித்ரான்னத் தூக்கோடும் வளையல் கூடையோடும் இருவரும் கதை பேசிக்கொண்டே நடந்து, அந்தப் பக்கம் படியேறினார்கள்.

தேன்மொழி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அய்யோ, எவ்ளோ சில்லுனு இருக்கும்மா!"

அந்தக் கையை அப்படியே தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு துள்ளல் துள்ளியது.