பாதி வார்த்தை

பக்கவாதத்துக்குப் பிறகு செண்பகவல்லிக்குப் பேச்சு திக்கித் திக்கித்தான் வந்தது. விடாமல் பேசிப் பழகினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆனால் அவள் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் கணவர் தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விடும். அதனால், அவள் சொல்ல வருவதை முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் காதுக்கருவி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் "த..." என்றதுமே "தண்ணீர் கேட்கிறார்" என்று அது அவர் காதில் சொல்லிவிடும்; அவரும் உடனே எழுந்துபோய்க் கொண்டுவந்துவிடுவார்.

அடுத்த வருஷம் அவளைப் பரிசோதித்த டாக்டர், "முன்னாடி வந்த வார்த்தைகூட இப்ப வரலையே!" என்றார்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, நீயே சொல்லு வல்லி."

"எ..." என்றாள் அவள். பிறகு, அவர் வழக்கம்போல எழுந்துபோய்க் கேட்டதைக் கொண்டுவருவார் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.