கரைக்கு வராத படகுகள்

“நீ எதுக்கு வந்தே?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் நாகநாதன்.

பல்கலைக்கழக விழாக்கூடத்தின் வாசலில் நின்ற அருந்ததியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சாதாரண வாயில் சேலை, தோளில் துணிப்பை. பாயான் பாருவிலிருந்து பஸ்ஸில் வந்த வேர்வை நெற்றியில் இன்னும் காயவில்லை.

“புருஷனுக்குப் பேராசிரியர் பதவி கெடைச்சிருக்கு, பாராட்டு விழா வைக்கிறாங்க. பொண்டாட்டி வராம இருப்பாளா?”

“வீட்லயே இருன்னு காலையில சொன்னேன்ல.”

அவள் குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள். “பட்டு கட்டிட்டு வந்திருக்கணுமோ?”

அவர் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் கிடந்த நாற்காலியைக் காட்டினார். “அங்க போய் உக்காரு. யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காத.”

அவள் போய் உட்கார்ந்தாள். நாகநாதனுக்குக் காது மடல் சுட்டது. கட்டின மனைவியை இப்படி ஒளித்து வைக்கிறோமே என்று குறுகிப்போனார். ஆனாலும் இன்றைக்கு ஒருநாள் அவள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் கண்ணில் பட்டுவிட்டாள். துறை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ரொஸ்னா, கறிபாப் பலகாரத் தட்டோடு அவளிடம் போய் நின்றாள். “அக்கா எங்கயாச்சும் வேலை செய்றீங்களா?”

“மூத்தவ பொறக்குறதுக்கு முன்ன மீன்வள ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தேன். இப்ப வீட்லதான்.”

“ரொஸ்னா! மேடையில தண்ணி இல்ல பாரு,” என்று நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டார் நாகநாதன். அவள் ஓடினாள்.

துறைத் தலைவர் மெய்யநாதன் மைக்கைப் பிடித்தார். “புள்ளியியல்ல ஒரு ஆய்வுக் கட்டுரைய நம்ம ஆளுங்க நாலு பேர் படிச்சாலே பெரிய விஷயம்லா. ‘ஏ. நாகநாதன்’னு போட்டு எழுபத்தெட்டுல வந்த கட்டுரைய உலகம் பூரா முந்நூறு பேருக்கு மேல மேற்கோள் காட்டியிருக்காங்க! டாக்டருங்க, ரப்பர் ஆராய்ச்சிக்காரங்க, ஃபேக்டரி எஞ்சினியருங்க... லைப்ரரியில மேற்கோள் அட்டவணைய நானே பொரட்டிக் கண்டுபிடிச்சேன். இந்த அம்பலவாணர் மகன் பத்து வருஷமா வாயே தொறக்கல பாருங்க!”

கூடம் சிரித்தது, கை தட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த நாகநாதன் தரையைப் பார்த்தார். ஒரு மாதமாக இப்படித்தான். மெய்யநாதன் புகழும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பார், வார்த்தை வராது. ‘எவ்வளவு அடக்கம்!’ என்று முன்வரிசையில் யாரோ சொன்னது கேட்டது.

அடுத்து கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையிலிருந்து வந்திருந்த டாக்டர் சித்தி ஆயிஷா எழுந்தார்.

“கடலுக்குப் போயி கரைக்கு வராத படகுங்களையும் சேத்து எப்படிக் கணக்கு எடுக்கறதுன்னு சார் எழுதியிருக்காரு. அதை நாங்க காசநோய்க்காரங்களுக்குப் போட்டுப் பாத்தோம். பாதி மருந்தோட நின்னு போனவங்கள நாங்க கணக்குலயே சேக்கறதில்ல, அவங்களுக்கும் குணமாயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தோம். இந்தக் கணக்கு எங்க கண்ணத் தொறந்துச்சு. வீடு வீடா தேடிப் போனோம். அப்படித் தேடிப் போனதால இன்னிக்கு எத்தனையோ பேர் உயிரோட இருக்காங்க சார்.”

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே நாகநாதன் மெல்லக் கடைசி வரிசைப் பக்கம் பார்த்தார்.

அருந்ததியும் எழுந்து நின்றிருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது தாங்கியிருப்பார்.

டாக்டர் மாலையோடு மேடையேறி வந்தார். “சார், இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோணிச்சு? அத மட்டும் சொல்லுங்க.”

நாகநாதன் மாலைக்குக் கழுத்தை நீட்டவில்லை. மைக்கை வாங்கினார்.

“அந்த ‘ஏ’ எங்க அப்பா அம்பலவாணர் இல்ல டாக்டர்... அதோ, தூணுக்குப் பின்னால நிக்கிறாங்களே, என் மனைவி அருந்ததி.”